ஆனிக் கடைசி வெள்ளியில் வாங்கிய வான்

இல்ஃபோர்ட் மண்டபத்தில் மடக்குக் கதிரைகள் அடுக்கி வைக்கும் பின்னறையைத்தான் மாப்பிள்ளை பகுதிக்கு உடுப்பு மாற்ற விட்டிருந்தார்கள். பிளக் ஒன்றே ஒன்று. தலைமயிர் சுருட்டும் மிஷினைச் செருகினால் அயன் பெட்டியைக் கழற்ற வேண்டும். சிவரூபினி சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்று, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, மாப்பிள்ளையின் தங்கை தனுஷியாவுக்குச் சேலைக் கொய்யகம் மடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து இது நாலாவது சேலை.

சின்ன யன்னலால் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. அங்கே றொசானாவின் மோட்டர்ஹோம், வீடு மாதிரி உள்ளே எல்லாம் வைத்த பெரிய வான், நின்றது. வெள்ளை வெளேரென்று, படிக்கட்டில் சிவப்புக் கம்பளம் வேறு. பொம்பிளை பகுதி சோடிப்புக்கு றொசானாவைப் பிடித்திருந்தார்கள். உள்ளே கண்ணாடியைச் சுற்றி விளக்குகள், குளிர்காற்று, தனிக் கழிப்பறை. மணப்பெண் அங்கே மகாராணி மாதிரிக் கதிரையில் சாய்ந்திருந்து கோப்பி குடித்தாள்.

"அன்ரி, என்னை அந்த வானிலை வைச்சு உடுத்திவிட ஏலாதோ?" என்று தனுஷியா கேட்டாள்.

"அது பொம்பிளை பகுதிக்குப் பிள்ளை. ஆடாமல் நில்லுங்கோ."

சொன்னாளே தவிர, சிவரூபினிக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த றொசானா யார்? இவளுக்குப் பின்னால் ஊசிப்பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவள்தானே. ஜடைநாகம் எங்கே குத்துவது, நெத்திச்சுட்டி வழுக்காமல் எப்படி நிறுத்துவது, எல்லாம் இவள் காட்டிக் கொடுத்தது. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இது மார்பில் பாய்ந்துவிட்டு மோட்டர்ஹோமும் வாங்கி வைத்திருக்கிறது.

வயிற்றெரிச்சலோடு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அந்த மாதத்தில் மகளைச் சோடிக்கக் கேட்டுப் போன் எடுத்த தாய்மாரெல்லாம் முதலில் கேட்டது, "உங்களிட்டையும் வான் இருக்கோ?" என்பதுதான். இல்லை என்றதும், யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். வால்தம்ஸ்டோவில் சிவரூபினி கிழமை நாட்களில் செய்யும் சலவைக்கடை வேலை சாப்பாட்டுக்குக் காணும். வீட்டை ஓட்டுவது ஆவணியில் தொடங்கும் கலியாணங்கள். அந்தக் கலியாணங்கள் கைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

இரவுச் சாப்பாட்டில் அவள் வானைப் பற்றிக் கதை எடுத்தபோது, அவளுடைய கணவன் பாலேந்திரா பிட்டைக் குழைத்துக்கொண்டே சிரித்தான். மொத்த வியாபாரக் கடையில் அரிசி மூட்டை இறக்குகிறவன் அவன்.

"அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெத்தாள் எண்டு அம்மிக்குழவியாலை தன்ரை வயித்திலை இடிச்சவளின்ரை கதையாக் கிடக்கு."

"இடிச்சால் என்ரை வயிறுதானே. நீங்கள் வானைப் பாருங்கோ."

புதிதைப் பற்றி நினைத்தும் பார்க்க ஏலாது. பழையது வாங்கினால் புகைக் கட்டணம் இருக்கிறது, புகை கூடிய வண்டி லண்டனுக்குள் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் காசு கட்ட வேண்டும். அது லண்டனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். டீசல் என்றால் இரண்டாயிரத்துப் பதினாறு செப்ரெம்பருக்குப் பிறகு பதிந்ததாக எடு, பிரச்சினையில்லை என்று கடையில் பாலேந்திராவுக்கு எல்லோரும் சொன்னார்கள். தேடித் தேடி, நோர்ஃபோக் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் ஒன்று அகப்பட்டது. அறுபத்தாறாம் நம்பர் பிளேட். சரியாக அந்தச் செப்ரெம்பருக்குப் பிறகு பதிந்தது. உள்ளே கீறல் இல்லை. விலையும் மற்றவற்றை விடக் குறைவு.

"நிசாந்தனை ஒருக்கால் கேப்பமே? அவன் கராஜ் வைச்சிருக்கிறவன். உந்த வானுகளின்ரை சங்கதி தெரியும்" என்றான் பாலேந்திரா.

நிசாந்தன் றொசானாவின் கணவன்.

"அவளின்ரை மனுசனிட்டையோ? நல்லாத்தான் இருக்கும். வாங்கி, கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழை தேசிக்காய் நசிச்சாப் பிறகுதான் ஒரு சனத்துக்குத் தெரியவேணும். முந்தித் தெரிஞ்சால் கண்ணூறு பட்டே நாசமாப் போம்."

"அப்ப ஒரு கிழமை பொறுத்து, வேறை ஆரையும் விசாரிச்சு..."

"வாற கிழமை ஆடி பிறக்குது. ஆடியிலை வாங்கிற சாமான் உருப்படுமே? ஆவணி மட்டும் பொறுத்தால் முகூர்த்தம் முழுக்க அவளிட்டைப் போயிடும்."

அவளுடைய தங்கக் காப்புகள் அந்தக் கிழமையே நகைக்கடைக்குப் போயின. ஆனி மாதத்தின் கடைசி வெள்ளி விடிய இருவரும் நோர்ஃபோக்குக்கு ரயில் ஏறினார்கள். வானை வாங்கிக்கொண்டு வரும் வழியில் பாலேந்திரா பெரிய ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓட்டினான். சிவரூபினி பின்னால் இருக்கையைத் தடவிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், கண்ணாடிக்கு எங்கே விளக்குப் போடலாம் என்று யோசித்தாள். பொறுக்க முடியாமல், ஆவணியில் கலியாணம் வைத்திருக்கும் கனகவல்லிக்கு வழியிலேயே போன் அடித்தாள்.

"அக்கா, உங்கடை மகளுக்கு வான் கேட்டனீங்களெல்லோ. என்ரை வானிலேயே வைச்சுச் சோடிக்கிறன். ஆருக்கும் இப்ப சொல்லாதேங்கோ."

அம்மன் கோயில் வாசலில் ஐயர் சந்தனம் பூசி, பூ வைத்து, கற்பூரம் காட்டினார். தேசிக்காய்கள் சில்லுக்குக் கீழே நசிந்தன. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த றொசானாவும் நிசாந்தனும் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார்கள். றொசானா வானைப் பார்த்து நின்றாள். அவள் பார்த்த அந்தப் பார்வை சிவரூபினிக்குச் சர்க்கரைப் பொங்கலை விட இனித்தது.

"வடிவாயிருக்கு அக்கா" என்றாள் றொசானா.

நிசாந்தன் வானை ஒரு சுற்றுச் சுற்றினான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உட்புறம் ஒட்டியிருந்த தகட்டைக் குனிந்து வாசித்தான்.

"அண்ணை, நம்பரைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"என்னத்துக்கு? அறுபத்தாறுதானே."

நிசாந்தன் போனில் கட்டணம் பார்க்கும் பக்கத்தைத் திறந்து வானின் நம்பரை அடித்தான்.

"நாளுக்கு நூறு பவுண் புகைக் கட்டணம் காட்டுது அண்ணை."

"விசர்க் கதை கதையாதை."

"பிளேட் அப்பத்தைத்தான். கீழை இருக்கிற எஞ்சின் அதுக்கு முந்தினது. எஞ்சினும் சில்லுமாக் கொண்டுவந்து கம்பனி வளவிலை போட்டிட்டு, ஆறுதலா மேலை வீட்டைக் கட்டுவாங்கள். கட்டி முடிஞ்சாப் பிறகுதான் பதியிறது. நீங்கள் பாத்தது பதிஞ்ச திகதியை." அவன் குரலைத் தணித்தான். "பாரமும் மூண்டரை தொன்னுக்கு மேலை. அதுக்குக் கீழை எண்டால் பன்னிரண்டரைப் பவுணோடை போயிருக்கும்."

"ஓடினால்தானே?"

"ஓம், நிண்டால் இல்லை. லண்டனுக்குள்ளை அசைஞ்ச நாளுக்குத்தான். இண்டைக்கு ஓடினதும் சேத்தி. வாங்க முந்தி எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே அண்ணை."

பாலேந்திரா மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இப்ப சந்தோஷம்தானே உனக்கு?" என்று றொசானாவிடம் கேட்டாள்.

"அக்கா, சத்தியமா அப்பிடியில்லை. உங்கடை பொம்பிளையளை என்ரை வானிலை கொண்டு வந்து சோடியுங்கோ. எனக்குக் கலியாணம் இல்லாத நாளிலை இவர் கொண்டு வந்து நிப்பாட்டுவார்."

"உன்ரை வானுக்கை நான் ஊசிப்பெட்டி தூக்கிக்கொண்டு வரவோ?"

பாலேந்திரா நோர்ஃபோக் கிழவருக்குப் போன் எடுத்தபோது, அவர் தான் லண்டன் பக்கம் போனதே இல்லை, அப்படிக் கட்டணம் இருப்பதே தெரியாது என்றார். பொய் சொல்லுகிற குரலாகவும் இல்லை. ஆடி முழுக்க வான் விற்பனைக்கு வீட்டு முன்னால் நின்றது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு பாதி விலை கேட்டார்கள். றொசானாவுக்கு அந்த ஆவணியில் ஒரு ஞாயிறும் ஓய்வில்லை என்று சனம் சொல்லக் கேட்டபோது, சிவரூபினி சலவைக்கடையில் பிறர் உள்பாவாடைகளை மடித்துக்கொண்டு நின்றாள்.

கனகவல்லிக்குக் கொடுத்த வாக்கு வாக்குத்தான். கலியாணத்தன்று விடிய பாலேந்திரா நூறு பவுணைப் போனில் கட்டிவிட்டு வானை மண்டபத்துக்கு எடுத்தான். கனகவல்லியிடம் அதைக் கேட்க ஏலாது, றொசானா கேட்பதில்லையே. கூலியில் மிஞ்சுவது பூவுக்கும் ஊசிக்கும் சரி.

ஆனாலும் கனகவல்லியின் மகள் தக்ஷிகா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, "அன்ரி, இது சோக்கான இடம்" என்றபோது சிவரூபினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முழங்கால் தரையில் படவில்லை. அயன் பெட்டியும் சுருட்டும் மிஷினும் ஒரே நேரத்தில் சுட்டன. இதற்குத்தானே ஆசைப்பட்டாள்.

மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார். வந்த கார் பழைய மேர்சிடிஸ், முன்னால் மல்லிகைச் சரம். மாப்பிள்ளையின் தகப்பனோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தானே ஓட்டி வந்திருந்தார். படம் எடுப்பதற்காக வானுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. பின்குழாயிலிருந்து கறுப்புப் புகை குபுகுபுவென்று வந்தது.

பாலேந்திரா கிட்டப் போனான்.

"ஐயா, இது டீசலோ?"

"ஆமா. எழுபத்தஞ்சாம் வருஷத்து வண்டி. எப்படி ஓடுது பாத்தீங்களா?" டாக்டர் கூரையைத் தட்டிக் கொடுத்தார்.

"நாளுக்கு எவ்வளவு கட்டுறியள்?"

"இதுக்கா? ஒண்ணுமே கிடையாதுங்க. நாற்பது வருஷம் தாண்டிட்டா ஹிஸ்டாரிக்னு விட்டுடுவாங்க. ரோடு டாக்ஸ் கூட இல்ல. நான் என்ன தொழிலுக்கா ஓட்டறேன், ஆசைக்கு வச்சிருக்கேன். வீட்ல இன்னொண்ணும் இருக்கு."

உள்ளே தக்ஷிகா இருமினாள். சிவரூபினி கதவைச் சாத்தினாள். யன்னலைச் சாத்தினாள். கூரைத் துவாரத்தையும் எட்டி இழுத்து மூடினாள். உள்ளே வெக்கை ஏறியது. மணப்பெண்ணின் நெற்றியில் ஒற்றி எடுத்த வெள்ளைக் கடதாசியில் கரி தெரிந்தது. கண்ணாடி வழியாக அந்தக் காரையே பார்த்தாள். றொசானாவின் நினைப்பு எங்கேயோ போய்விட்டது. இந்தக் காரைப் பார்த்து வயிறு எரிந்தது. என்ன பிறப்புப் பிறந்திருக்கிறது, கிழடு தட்டத் தட்ட ராசமரியாதை.

படம் பிடிக்கிறவன் வானின் கதவில் தட்டினான்.

"அண்ணை, உந்த வானைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்க ஏலுமோ? காரின்ரை படத்துக்கை வந்து நிக்குது."

பாலேந்திரா ஏறி உட்கார்ந்தான். சிவரூபினி மணப்பெண்ணின் தலையலங்காரம் குலையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வான் குப்பைத் தொட்டிகள் இருந்த மூலையை நோக்கிப் பின்னால் நகர்ந்தது. அதன் குழாயில் ஒரு இழை புகை தெரியவில்லை. முன்னால் மேர்சிடிஸைச் சுற்றி நின்ற சனம் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் படம் எடுத்துக்கொண்டிருந்தது.