நிபந்தனைக் காலம்

பெரிய சாலையோரத்தில் எட்டு அறைகள் கொண்ட விடுதி அது. லாரி ஓட்டுகிறவர்களும் மருந்து விற்கப் போகிறவர்களும் ராத்தங்கி, காலையில் குளித்துக் கிளம்புகிற இடம். அறைக்கு ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட ஆணிகள். வேறு பகட்டு கிடையாது. படுக்கை விரிப்பு மட்டும் எப்போதும் தும்பைப்பூவாக இருக்கும்.

விடுதியை நடத்தியது ஒரு புருஷனும் பெண்சாதியும். அவள் வாய் மூடமாட்டாள், அவர் வாய் திறக்கமாட்டார். வருகிறவர்கள் மரியாதைக்கு அவரை முதலாளி என்று கூப்பிட்டுவிட்டு, சாவியை அவளிடம்தான் வாங்குவார்கள். "எங்க வீட்டு ஊமைக்கோட்டான்கிட்ட இன்னைக்குக் கேட்டா நாளைக்குத்தான் பதில் வரும்" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் சிரித்துக்கொள்வார். ஒரே மகளைத் தூரத்து நகரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. குறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

சார்ஜர் யோசனையைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. மின்வேலை காண்டிராக்டர். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"அக்கா, இனிமே எல்லாம் கரன்ட் வண்டிதான். பெட்ரோல் போடுறவன் அஞ்சு நிமிஷத்துல போயிடுவான். கரன்ட் வண்டிக்காரன் முக்கால் மணி நேரம் உக்காந்தே ஆகணும். உக்காந்தா டீ குடிப்பான், சாப்பிடுவான், அலுப்பா இருந்தா ரூம் போடுவான். சார்ஜர் வைக்க கவர்மென்ட்டே மானியம் தருது. பெரும்பங்கு அவங்க போடுறாங்க, மிச்சம்தான் நாம."

"சும்மாவா தருவாங்க மாப்ள?" என்றார் அவர், அபூர்வமாக.

"நிபந்தனை இருக்கு மாமா. அஞ்சு வருஷம் சார்ஜர் ஓடிக்கிட்டே இருக்கணும். அதுவரைக்கும் இடத்தை விக்கக் கூடாது, மூடக் கூடாது. மீறினா மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டணும். நாம எங்க மூடப்போறோம்?"

"ஊருக்குப் பின்னால புது ரோடு வரப்போகுதுன்னு பேச்சு அடிபடுதே."

"அது என் கல்யாணத்துக்கு முன்னாலேருந்து அடிபடுது" என்று அவள் குறுக்கே விழுந்தாள். "நல்லது சொன்னா உடனே ஒரு நொட்டை சொல்லணும் உங்களுக்கு."

அவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்று அவருக்குத் தெரியும்.

விடுதி முன்னால் ஆளுயரத்தில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் எழுந்தன. முதல் வருஷம் தம்பி சொன்னது அத்தனையும் பலித்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் தகரக் கூரை போட்டு, நாற்காலிகள் வாங்கிப் போட்டாள். காத்திருந்தவர்கள் டீ குடித்தார்கள், சாப்பிட்டார்கள், அவளுடைய பேச்சைக் கேட்டார்கள். "பாத்தீங்களா?" என்று புருஷனை இடித்துக்காட்டுவாள். அவரும் "பாத்தேன்" என்பார். அவருக்கும் சந்தோஷம்தான்.

பிறகு புது ரோடு வந்தேவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். புதன்கிழமை பழைய சாலை துடைத்துவிட்டாற்போல ஆனது. லாரிகளும் மருந்து விற்கிறவர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கரன்ட் வண்டிகளுக்கு அங்கே வரிசையாகப் புதுச் சார்ஜர்கள். அவள் யாரும் படுக்காத விரிப்புகளைக் கொஞ்ச காலம் துவைத்துப் போட்டாள். அப்புறம் அதையும் விட்டாள்.

சரக்கு அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்தார். நியாயமான விலை சொன்னார். வெள்ளைப் பெட்டிகளைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதும், "இதுக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கூப்பிடுங்கம்மா" என்று போய்விட்டார். வழி கேட்டு அவள் மானிய அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரியம்மா நல்ல மனுஷி. உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இந்த வட்டாரத்துலயே உங்க சார்ஜர்தாம்மா முதல் இடம். ஒரு நாள்கூடப் பழுதானதில்லை."

"யாராவது தொட்டாத்தானேம்மா பழுதாகும்?"

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. விற்பதானால் மானியத்தை வட்டியோடு கட்ட வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருஷம் முடிய வேண்டும் என்றார். வட்டியும் முதலும் கட்டினால் உடம்பில் கட்டியிருக்கிற துணிதான் மிஞ்சும். அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "நான் என்ன ஜோசியமா பாத்தேன் அக்கா?" என்றான். அதற்குப் பிறகு அவன் வருவதும் குறைந்தது, போனை எடுப்பதும் குறைந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருந்தது. இடது கண் முக்கால்வாசி போன பிறகுதான் சொன்னார். அதுதான் அவர். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இடது கண்ணுக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. வலது கண்ணு காப்பாத்தக்கூடியது. மாசா மாசம் கண்ணுக்குள்ள ஊசி போடணும். ஒரு மாசம்கூட விடக் கூடாது" என்றார். ஊசி இலவசம். பஸ்ஸில் போய்வர ஒரு பகல் ஆகும், அவ்வளவுதான்.

முதலில் இருவரும் சேர்ந்தே போனார்கள். அப்படிப் போயிருந்த ஒரு நாளில் யாரோ வந்து இரண்டு சார்ஜரின் ஒயரையும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே இருக்கிற செம்புக்காக. அவர்கள் திரும்பி வந்தபோது பெட்டிகள் கை வெட்டுப்பட்ட ஆட்கள்போல நின்றன. அலுவலகத்திலிருந்து உடனே எச்சரிக்கை வந்தது: சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் நிபந்தனையை மீறியதாகும். மகளின் பிரசவத்துக்கென்று எடுத்துவைத்திருந்ததைப் போட்டுப் புது ஒயர் வாங்கினாள்.

"இனி நான் தனியாப் போயிட்டு வர்றேன்" என்றார் அவர். "நீ இங்கயே இரு. ஒரு கண்ணு இருக்குல்ல, பஸ் நம்பர் தெரியுது."

அவளுக்கு மனசில்லை. ஆனாலும் வேறு வழியில்லை. மாதம் ஒருநாள் விடிந்ததும் கிளம்பிப் போய், பொழுது சாயத் திரும்பி வருவார். கறுப்புக் கண்ணாடியும் வலது கண்மேல் பஞ்சுமாக, கண்டக்டர் கைபிடித்து இறக்கிவிட வந்து, "எரியுது" என்று படுத்துக்கொள்வார். பஞ்சை எடுத்துப் பார்க்க அவளை விடமாட்டார்.

"பரவாயில்லையா?" என்று கேட்பாள்.

"பரவாயில்லை."

மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அவள் போகவில்லை. இவரைத் தனியே விட்டுப் போவது எப்படி, இவரைக் கூட்டிக்கொண்டு போனால் சார்ஜரை யார் பார்ப்பது? போனில் குழந்தைகளைக் காட்டினார்கள். ஒன்று தூங்கியது, ஒன்று கொட்டாவி விட்டது. "ஒரு வாரமாவது வந்து இரும்மா, என்னால ஒண்டியாச் சமாளிக்க முடியலை" என்று மகள் அழுதாள். போனை வைத்த பிறகு அவள் சுவரைப் பார்த்து, "இந்த இரும்புக்குக் காவல் இருந்தே நான் செத்துப்போவேன்போல இருக்கு. நானே தேடிக்கிட்டது, யாரைச் சொல்ல?" என்றாள். அவர் பக்கத்தில் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒருநாள் காலை அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வெளியே வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, உள்பக்கம் திரும்பி அவளைக் கூப்பிட்டார். அவள் கையில் ஈரத் துணியோடு பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு அடி வைத்தார்.

ஒயரை வெட்டுகிறவன் வெட்டிக்கொண்டு போகட்டும் என்று விடுதியைப் பூட்டிவிட்டு, அவரைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனை மாசமா எங்கேம்மா போயிருந்தீங்க?"

"மாசா மாசம் வந்தாரே டாக்டர்."

"வரலையேம்மா. மழைக்கு முன்னாடி வந்தவர். நல்ல கண்ணுலயும் ரத்தம் கசிஞ்சு உள்ள இருக்கிற பார்வைத் திரையே இழுபட்டுப் போச்சு. இனி ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, "எங்க போனீங்க?" என்று கேட்டாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருந்தேன். பஞ்சு மருந்துக் கடையில கிடைச்சுது."

"எதுக்கு?"

அவர் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்ததுபோலப் பேசினார். "நம்ம பக்கம் கம்பி பாக்க வருவானே லைன்மேன், அவன் சொன்னான். நம்மள மாதிரியே சார்ஜர் வச்ச ஒரு மளிகைக் கடைக்காரருக்கு லாரி மோதி ரெண்டு காலும் போச்சாம். நிரந்தர ஊனம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் கொடுத்தாராம். நிபந்தனையை எடுத்துட்டாங்க. ஒரு பைசா திருப்பிக் கட்டலை. வித்துட்டு மகன்கூடப் போயிட்டாராம். எனக்கு ஒண்ணு ஏற்கெனவே போச்சு. இன்னொண்ணை வச்சுக்கிட்டு நான் எதைப் பாக்கப்போறேன், அந்த ரெண்டு பெட்டியையா? நீ பேரப்பிள்ளைங்களைப் பாக்கணும்ல. நம்மள்ல ஒருத்தர் பாத்தாப் போதும்." மூச்சு வாங்கிக்கொண்டு, "டாக்டர் எழுதித் தருவாங்க, போய்க் கேளு" என்றார்.

அவளுக்கு விண்ணப்பம் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. "பெண்கள் பேர்ல போட்டா மானியம் கொஞ்சம் கூடுதல் அக்கா, உன் பேர்லயே போட்டுடுறேன்" என்றான் தம்பி. அவள் சரி என்றாள். அந்த நேரம் அவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் அதை ஒரு பொருட்டாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. இந்த உலகத்தில் இருக்கிற அத்தனையும் பேசிய வாய் அதை மட்டும் பேசவில்லை.

அப்போதும் அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து போய் டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். கவர்மென்ட்டில் இருக்கிறவர்களும் மனுஷர்கள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரியம்மா படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"விலக்கு பயனாளிக்குத்தாம்மா. மானியம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. அது நீங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கீங்க."

"இடம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கேம்மா."

"இடத்தைப் பாக்க மாட்டாங்கம்மா."

"நானும் என் கண்ணைக் குத்திக்கிட்டு வந்தாக் கொடுப்பீங்களா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரியம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "மேல எழுதிப் போடுறேன்மா" என்றார். "எழுதுங்க" என்றாள் இவள். அந்தக் கடிதம் எங்கே போய்ப் படுக்கும் என்று இருவருக்குமே தெரியும்.

பஸ்ஸில் வரும்போது பொய் ஒன்றைத் தயார் செய்தாள். 'கொடுத்தாச்சு, பாத்துட்டுச் சொல்றாங்களாம்.' அது போதும். அவர் நம்புவார். இரண்டு வருஷத்துக்கு மேலே மிச்சமிருக்கிறது. மாதத்துக்கு ஒரு பொய் சொல்லி ஓட்டிவிடலாம்.

வீட்டுக்குள் நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் இரண்டு பைகளும் ஒரு துணி மூட்டையும் இருந்தன. பகலெல்லாம் தடவித் தடவிக் கட்டிவைத்திருந்தார். அவளுடைய புடவைகள், அவருடைய சட்டைகள், சமையல் பாத்திரங்கள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக்கூடக் கழற்றித் துண்டில் சுற்றியிருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, எங்கோ இடித்துக்கொண்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பித்தான்களை ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டியிருந்தார்.

"வந்துட்டியா? எப்போ போறோம்?"

அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு தயார் செய்த பொய்யைச் சொல்ல அவளால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பித்தான்களை அவிழ்த்துச் சரியாக மாட்டிக்கொண்டே, மானியம் யார் பேரில் இருக்கிறது என்பதைச் சொன்னாள். தம்பி சொன்னதையும், தான் சரி என்றதையும் சொன்னாள்.

"அப்போ எனக்குன்னா கிடைக்காதா?"

"கிடைக்காது."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்ப முயன்றார். சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்தது அது.

"தெரிஞ்சிருந்தா ஊசி போட்டிருப்பேன்" என்றார்.

அவள் அடித்துக்கொண்டு அழவில்லை. அவர் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "என்னை நாலு வார்த்தை திட்டுங்களேன்" என்றாள். அவர் திட்டவில்லை. அவள் தலையைத் தடவியபடி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"மகளுக்குப் போன் போடு. வரலைன்னு சொல்லிடு."

"வர்றோம்னு யார் சொன்னா?"

"நான்தான். காலையில கம்பி பாக்க வந்த லைன்மேனை நம்பர் போட்டுத் தரச் சொல்லிப் பேசினேன். நாளைக்கு வந்துடுவோம்னு சொல்லிட்டேன்."

வெளியே சார்ஜர்கள் இரண்டும் பச்சை விளக்கு எரிய நின்றன. அவள் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தாள். எடுத்துவிட்டாள் மகள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மா, எந்த பஸ்ஸும்மா? உங்க மாப்பிள்ளையை ஸ்டாண்டுக்கு அனுப்பட்டுமா?"