சத்தமில்லாத பெட்டி

வீட்டில் அவனுக்கு ஒயர் என்று பெயர். எந்த மேசைக்கு அடியில் குனிந்தாலும் இவன் இழுத்துவிட்ட கேபிள் ஒன்று காலைத் தட்டும். மனைவியின் கம்ப்யூட்டர், மகளின் கம்ப்யூட்டர், ஹாலில் கிடக்கும் பிரிண்டர் எல்லாவற்றையும் லினக்ஸ் போட்டு ஒன்றாகக் கோத்து, நடுநாயகமாகத் தன் மேசைக்குக் கீழே ஒரு பழைய சர்வரை உட்கார வைத்திருந்தான். உள்ளே மூன்று ஃபேன். ராப்பகலாக இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசியே அவன் தொண்டை பெரிதாகிவிட்டது. குடும்பமே அந்த சர்வரை மாவுமில் என்றுதான் சொல்லும்.

இடுப்பில் ஆபரேஷன் முடிந்து அக்கா வந்து தங்கிய அறைக்கும் இவன் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அக்கா வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் படுக்கிறாள் என்று மனைவி சொல்லித்தான் இவனுக்குத் தெரிந்தது. சுருக்கென்றது. அம்மா வேலைக்குப் போன காலத்தில் இவனைத் தூக்கிச் சுமந்ததே அந்த இடுப்புதான்.

அதற்கப்புறம் விடுவானா? பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினான். ஃபேனே இருக்கக் கூடாது. சுழல்கிற ஹார்ட் டிஸ்க் ஆகாது. ஒரு பல்பு எரிகிற கரண்டுக்கு மேல் தின்னக் கூடாது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது. ஒரு கடைக்காரர் புதிதாக வந்த சின்னப் பெட்டியை நீட்டினார். அதில் சூடேறினால் கீச்சென்று கத்த ஒரு பொடி ஃபேன் ஒளிந்திருந்தது. வேண்டாம் என்று தள்ளிவிட்டான். கடைசியில் அகப்பட்டவை, ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய கறுப்புப் பெட்டிகள். தடித்த புத்தகம் அளவுதான். மேல்மூடி முழுக்க வரிவரியாக அலுமினியம், சூட்டை அதுவே வெளியே விட்டுவிடும். ஒன்றை ஓடவிட்டு, அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். உயிர் இருக்கிறதா சார் என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, அதுதான் வேண்டும் என்று அதையே வாங்கிக்கொண்டு வந்தான்.

அதை மேசைக்குக் கீழே வைத்து, மாவுமில்லை நிறுத்திப் பரணில் ஏற்றியதும் வீடே பெரிதானது மாதிரி இருந்தது. சமையலறையில் குழாய் சொட்டுவது இங்கே கேட்டது. தடுப்புக்கு அப்பாலிருந்து அக்கா, "மகராசனா இருடா" என்றாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட வேலை பார்க்கிறவன் போன் செய்தான். எல்லோரும் நாலு நாள் ஊர் சுற்றப் போகிறோம், நீயும் வா என்றான்.

"நான் எங்கடா வர்றது? அக்கா வந்து உக்காந்ததுலேருந்து கையக் காலக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. எப்பதான் கெளம்புவாளோ, வீட்ல மூச்சு விட முடியல."

மாவுமில்லுக்கு மேல் பேசிப் பழகிய அதே தொண்டை. போனை வைத்த பிறகு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளரை மேசையில் வைப்பது கேட்டது. சத்தம் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வைத்த டம்ளர். அதுவே இவன் காதில் விழுந்ததென்றால், இவன் போனில் கத்தியது அங்கே விழாமலா இருக்கும்? அடப் பாவி மனுஷா! உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பொய். அதில் பாதியாவது நிஜம், அதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது.

ராத்திரி அக்கா வாக்கரை ஊன்றி வந்து எப்போதும்போல் சாப்பிட்டாள். மகளைக் கேலி செய்தாள். இவனால்தான் தட்டை விட்டுத் தலை நிமிர முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தாலாவது தேவலை.

மறுநாள் அவன் ஆபீஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பழைய மிஷினையே போட்டுடேன். ரொம்ப அமைதியா இருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"அது சத்தம் போடுமேக்கா."

"போடட்டும்டா. உன் வீட்ல நீ நாலு வார்த்தை தாராளமா பேச வேணாமா?"

குரலில் கோபம் ஒரு துளி இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. பரணிலிருந்து மாவுமில்லை இறக்கினான், கேபிள்களை மாற்றிச் செருகினான், சுவிட்சைத் தட்டினான். மூன்று ஃபேனும் ஒன்றாக இரைய ஆரம்பித்தன. எழுந்து அக்காவின் அறை வாசலில் போய் நின்றான்.

"என்னை மன்னிச்சிடுக்கா."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடா சொன்ன? கேக்கல."

அத்தனை பெரிய தொண்டை. இன்னொரு தடவை சொல்லக் குரல் எழும்பவில்லை. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனான்.