பால்கனித் தொட்டியில் பாசி

என் மாமனார் வெங்கடசுப்ரமணியன் நீர்ப்பாசனத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கர்நாடகத்தில் பாதி வயலுக்குத் தண்ணீர் காட்டியதே தான்தான் என்று அவருக்கு நினைப்பு. பெங்களூர் வைட்ஃபீல்டில் நாங்கள் ஃபிளாட் வாங்கிய வருஷம், பால்கனியில் தொட்டி வைத்துத் தக்காளி நட்டார். கையோடு தன் மைத்துனர் சீனுவுக்கு ஃபோனும் போட்டார்.

"நவராத்திரிக்கு வா. நம்மாத்துத் தக்காளியிலதான் ரசம்."

சீனு மாமா எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர். அவரிடம் தோற்பதைவிட மாமனாருக்கு உயிரை விடுவது சுலபம்.

காலையில் ஊற்றினார், மாலையில் ஊற்றினார். மழை பெய்த அன்றும், "இது மேலாக்கத்தான் நனைக்கும்" என்று ஊற்றினார். செடிகள் மஞ்சளடித்து நின்றன. மண் மட்டும் பச்சைப்பசேலென்று பாசி பிடித்தது.

"மண்ணுக்கு மூச்சு முட்டறதுப்பா. தண்ணியக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ" என்றேன்.

"நீ உன் கம்ப்யூட்டரைப் பாரு."

நவராத்திரி வந்தது. கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் அமைப்பதற்காக என் மாமியார் பாகீரதி தெளித்த கேழ்வரகு முளைக்கவில்லை. அவர் கவலைப்படவே இல்லை. தோசைத் திருப்பியோடு பால்கனிக்குப் போனார், பாசியை அடை அடையாகப் பெயர்த்து வந்து பரப்பினார். நடுவில் கண்ணாடிக் குளம், கரையில் பிளாஸ்டிக் மாடுகள். லால்பாக் பூங்காவே பிச்சை வாங்க வேண்டும்.

வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமிகள் பொம்மைகளை விட்டுவிட்டுப் பாசியைத்தான் பார்த்தார்கள். சீனு மாமா குனிந்து தடவியே பார்த்தார்.

"அத்திம்பேர், ஏ ஒன். தக்காளி வராட்டா என்ன, இதுல உங்களை யாரும் அடிச்சுக்க முடியாது."

மனுஷர் மனதாரத்தான் பாராட்டினார். மாமனாரின் முகம் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து அவர் பால்கனிப் பக்கமே போகவில்லை. அவ்வப்போது அடித்த சாரலைத் தவிர அந்தத் தொட்டிகளை யாரும் கவனிக்கவில்லை.

டிசம்பரில் ஒருநாள் துணி உலர்த்தப் போன மாமியார், முந்தானை நிறையத் தக்காளியோடு திரும்பி வந்தார்.

"ஏன்னா, கொத்துக் கொத்தாக் காய்ச்சிருக்கு. சீனுவைச் சாப்பிடக் கூப்பிடட்டுமா?"

மாமனார் ஒரு பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூப்பிடு" என்றார் கடைசியில். "ஆனா, நான் தண்ணி விடறதை நிறுத்தினது மட்டும் இந்தாத்தை விட்டு வெளியில போகப்படாது."