பக்கெட்டுக்குள் விட்ட குழாய்

படுக்கையறையில் அப்போது இருந்தவர்கள்: ஏணியின் மேல் மெக்கானிக். ஏணியைப் பிடிக்காமலே பிடித்திருப்பதுபோல் நின்ற மாமனார். அரை நாள் லீவு போட்டு வந்து, நனைந்த மெத்தையைச் சுவரோடு சாய்த்துக்கொண்டிருந்த மகள். அவளுடைய கணவன், அதாவது அந்த வீட்டு மாப்பிள்ளை, குற்றவாளி. கடைசி விவரம் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அந்த ஊரில் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காற்றில் இருக்கும் ஈரம்தான் ஆளைக் கொல்லும். குளித்துத் துவட்டிய மறு நிமிஷமே முதுகு கசகசக்கும். மூடி வைத்த ஷூவுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஏ.சி. வாங்குவது ஒரு செலவு என்றால், அதை உயிரோடு வைத்திருப்பது ஓயாத செலவு. இன்றைக்கு கேஸ், அடுத்த மாதம் கெபாசிட்டர், அதற்கடுத்து வேறொன்று. பில்டிங் சங்கத்துச் செயலாளரான மாமனார், இதற்காகவே பேரம் பேசி எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே மெக்கானிக்கிடம் வருஷ கான்ட்ராக்ட் கொடுத்திருந்தார். அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எந்த வீட்டுக்கு வந்தாலும் “கூலிங் எப்படி இருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் கூலிங்.

மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. வேலை போனாலும் தூக்கம் மட்டும் பழைய ஷிப்டிலேயே நின்றுவிட்டது. ராத்திரி விழித்துக் கிடப்பான். பகல் முழுக்க மாமனார் வீட்டில், மாமனார் கட்டும் கரண்டில், ஏ.சி. போட்டுத் தூங்குவான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில் மாமனார் கெட்டிக்காரர்.

அந்த ஏ.சி.யின் தண்ணீர் பால்கனிக்கு வெளியே சொட்டி, கீழ்வீட்டுத் தையல்கார அக்கா காயப்போடும் துணிகளை நனைத்தது. குழாயை நீட்டித் தர கூலிங் ஒரு தொகை சொன்னார். “கழுத்தறுக்கிறான்” என்று மாமனார் மறுத்துவிட்டார். அங்கேதான் மாப்பிள்ளைக்கு ஆசை பிடித்தது. பழைய பெயிண்ட் பக்கெட் ஒன்றை பால்கனியில், வெளி யூனிட்டுக்குப் பின்னால் மறைவாக, ஸ்டூல் போட்டு வைத்தான். குட்டைக் குழாயை இழுத்து, நழுவாமலிருக்க அடிவரை விட்டுக் கட்டினான். ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும், பிறகு மாமாவிடம் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம், செலவில்லாமல் முடித்தேன் என்று. தையல்கார அக்காவிடம் மட்டும் பீற்றிக்கொண்டான்.

தினமும் பக்கெட் நிறைவதற்குள் எழுந்து கொட்டிவிடுபவன், நேற்று அசந்து தூங்கிவிட்டான். பக்கெட் நிறைந்து, குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கி, உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. வெளியே போகவேண்டிய தண்ணீர் அறைக்குள் திரும்பியது. முகத்தில் சொட்டியபோதுதான் விழித்தான். அதற்குள் மெத்தை போயிற்று, ஏ.சி.க்குள் இருந்த எலக்ட்ரானிக் போர்டும் போயிற்று. அவன் முதலில் செய்த காரியம், குழாயைப் பக்கெட்டிலிருந்து பிடுங்கியது. இரண்டாவது, பக்கெட்டைக் கழுவிக் குளியலறையில் வைத்தது. அதன் பிறகுதான் மெயின் சுவிட்சை அணைத்தான்.

“தண்ணி போற பைப்பு சுத்தமா இருக்கு சார். ஊதிக்கூடப் பாத்துட்டேன்,” என்றார் ஏணி மேலிருந்து கூலிங்.

“அப்ப தண்ணி என்ன, செவுத்துல இருந்து ஊத்தெடுத்துச்சா?”

“கேஸ் கம்மியா இருந்தா ஐஸ் கட்டும் சார். அது உருகி...”

“போன மாசம்தானப்பா கேஸ் போட்டே. தனியா காசும் வாங்கினே.”

“ஆமா சார். இல்லன்னா மெஷின் லெவல் மாறியிருக்கலாம்.”

“முந்தாநாள் வரைக்கும் நேரா நின்னுச்சே. நேத்து யாராவது வந்து சாச்சுட்டுப் போனாங்களா?”

மகள் சிரித்துவிட்டாள். கூலிங் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த காரணத்தைத் தேடினார். காரணம் தெரியாத யோக்கியனும் பொய்யனும் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்பதை மாப்பிள்ளை அன்றைக்குக் கண்ணால் பார்த்தான்.

“இங்க பாருப்பா. உன் சர்வீஸ் சரியில்லன்னு காலைலயே பில்டிங் வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டேன். புது போர்டு உன் செலவுல மாட்டிக் குடு. அதோட கணக்க முடிச்சுக்கலாம்.”

“சார், போர்டு அரை மெஷின் விலை சார்.”

மாமனார் திரும்பினார். “மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. போன மாசம் இவன் சர்வீஸ் பண்ண அன்னிக்கு நீங்கதானே வீட்ல இருந்தீங்க? எப்படிப் பண்ணான்?”

எட்டு மாதத்தில் மாமனார் அவனிடம் ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவியும் மெத்தையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

“அவசர அவசரமாத்தான் மாமா பண்ணாரு. பாதி நேரம் போன்லயே இருந்தாரு. கால் மணி நேரத்துல கிளம்பிட்டாரு,” என்றான். குரல்கூட நன்றாக வந்தது.

கூலிங் ஏணியில் நின்றபடி அவனைக் குனிந்து பார்த்தார். “நீங்க தூங்கிட்டிருந்தீங்களே சார். எழுப்ப வேணாம்னுதான் சத்தம் போடற பம்ப் வச்சு தண்ணி அடிக்காம, பிரஷ்ஷாலயே தேச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

“சும்மா கதை விடாதப்பா,” என்றார் மாமனார்.

அப்போது வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளை போவதற்குள் மகள் போய்த் திறந்துவிட்டாள். தையல்கார அக்கா, கையில் ஈரப் பாவாடையோடு, நேராகப் படுக்கையறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

“குரூப்புல பாத்தேன், ஏ.சி. போச்சாமே. அதில்ல தம்பி, நேத்து சாயங்காலம் திரும்பவும் சொட்டிடுச்சு, பாருங்க. கஸ்டமர் துணி. ரெண்டு வாரமா நிம்மதியா இருந்தேன். பைப்ப பக்கெட்டுக்குள்ள விட்டுக் கட்டியிருக்கேன்னு சொன்னீங்களே, எடுத்துட்டீங்களா?”

கூலிங் மெதுவாக இறங்கி பால்கனிக்குப் போனார். வெளி யூனிட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஸ்டூல் அங்கேயே இருந்தது. குழாயில் கட்டுக்கயிறும் அப்படியே தொங்கியது. ஸ்டூலை எடுத்து வைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

“நான் அப்புறமா வரேன்,” என்று அக்கா நழுவினாள்.

மனைவி அப்பா முன்னால் அவனை ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். இப்போது மறந்துவிட்டாள். “கால் மணி நேரம்னு சொன்னியே. அன்னிக்கு நீ முழிச்சா இருந்தே?”

“இல்ல.”

“பக்கெட்டக் கழுவி வேற வச்சிருக்கே. நான் காலைல அதுலதான் குளிச்சேன்.”

மாமனார் கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். “போர்டு என்ன விலையோ சொல்லுப்பா. நானே குடுத்துடறேன்.”

“சரி சார். குரூப்புல போட்டதயும் கொஞ்சம் மாத்திப் போட்டுடுங்க. பன்னெண்டு வீடு சார், எனக்கு இந்த பில்டிங்தான் சோறு.”

“என்னன்னு மாத்திப் போடச் சொல்றே?”

கேள்வி கூலிங்குக்கு. பார்வை மாப்பிள்ளை மேல். நீங்க விடுங்க மாமா, நானே போட்டுடறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் மெத்தையைப் பார்த்தான். ஈரம் படிந்த இடம் ஓர் ஆள் படுத்திருப்பதுபோல் இருந்தது. அவனுடைய அளவுதான்.

மாமனார் பார்வையை அவனிடமிருந்து எடுத்தார். “போட்டது போட்டதா இருக்கட்டும்ப்பா. வேற ஆள்கிட்டயும் பேசிட்டேன்.”

பேசவில்லை. காலையிலிருந்து அவர் வேறு மெக்கானிக் யாரிடமும் பேசவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், கூலிங்குக்கும் தெரிந்திருக்கும். வீட்டு மாப்பிள்ளையைப் பன்னிரண்டு வீட்டின் முன் நிறுத்துவதா, வெளியாள் ஒருவனின் பிழைப்பைக் கெடுப்பதா என்று மாமனார் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். தனக்காக ஒரு கண்ணியமான மனிதர் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் இதுவரை பட்ட எல்லாவற்றையும்விடக் கேவலம் என்று அவனுக்குப் பட்டது. பட்டது, அவ்வளவுதான்.

கூலிங் பையைக் கட்டினார். ஏணியின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்கப் போனான். “வேணாம் சார்” என்று அவரே தோளில் தூக்கிக்கொண்டார். வாசலுக்கு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“நாலாவது மாடியில நாளைக்கு வரச் சொல்லியிருந்தாங்க. குரூப்பப் பாத்தப்புறம் போன எடுக்க மாட்டேங்கறாங்க. வரட்டுமா, வேணாமா?”

“மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

“நீங்களும் அந்த குரூப்புல இருக்கீங்கல்ல சார்?”

“இருக்கேன்.”

கூலிங் நகரவில்லை. ஏணியின் கனத்தில் ஒரு தோள் இறங்கியிருந்தது. அவன் இன்னும் ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது, எப்போதும்போல் மரியாதையோடு. “மாப்பிள்ளை, கதவப் பூட்டிட்டு வாங்க.”

கூலிங் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அவன் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினான்.