திரும்ப வந்த வரிகள்

ஹில்கே வியார்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். ரொட்டிக்கடையில் அவள் வேண்டியதைக் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பள்ளியில் பழைய கிரேக்கக் காவியத்தைத் தாளத்தோடு படித்த அன்று நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அன்றே அந்தக் காவியம் அவளைப் பிடித்துக்கொண்டது.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் அதையே படித்து முனைவர் பட்டம் வாங்கினாள். பேராசிரியர் பூலென்ஸ் கைகுலுக்கிவிட்டு, "நூலகத்துல நல்லா வருவேம்மா. வகுப்பெடுக்குறதெல்லாம் உனக்கு ஒத்துவராது" என்றார். பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவில்லை. ஹில்கே ஒரு பள்ளியில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தாள், மேசையில் தாளம் தட்டி, பாட்டாகவே.

பாடிப் பாடித்தான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. வீரன் கவசம் அணியும் இடத்தில், முன்பே வந்த சில வரிகள் அப்படியே திரும்ப வருகின்றன. ஏட்டைப் படியெடுத்தவன் தூக்கக் கலக்கத்தில் செய்த பிழை என்று, பூலென்ஸ் தாம் கொண்டுவந்த காவியப் பதிப்பில் அவற்றை நீக்கியிருந்தார். ஹில்கேவுக்கு அது பிழையாகப் படவில்லை. அடுத்த சொல் வராதபோது, பழகிய சொல்லைப் பற்றிக்கொண்டு சமாளிப்பது அவளுடைய அன்றாடப் பாடு. அந்தக் காலத்தில் காவியத்தை ஏடில்லாமல் வாயாலேயே கட்டிப் பாடிய பாடகனும் அதைத்தான் செய்திருக்கிறான். தெரிந்த வரியை வாய் பாட, மனம் அடுத்ததைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதைக் கட்டுரையாக எழுதினாள். "திக்குவாய்க்காரிக்கு ஊரே திக்குது" என்று பூலென்ஸ் சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்த ஆண்டு க்ரோனிங்கனில் நடந்த கருத்தரங்கில் பேச அவளே பெயர் கொடுத்தாள்.

அக்கா யெல்லி கூடவே வந்தாள். "மேடையில வாய் வரலன்னா என்னடி பண்ணுவே?"

"பா... பாடுவேன்."

"அப்போ முன்வரிசையில உக்கார்றேன். எவனாவது சிரிக்கட்டும், பாத்துக்கறேன்."

மேடையில் முதல் வாக்கியத்திலேயே வாய் அடைத்துக்கொண்டது. பூலென்ஸ் எழுந்து, "கட்டுரைய இப்படிக் குடும்மா, நானே படிச்சிடறேன்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

ஹில்கே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலால் தாளம் போட்டுப் பாடத் தொடங்கினாள். கவசம் அணியும் இடத்திலிருந்து நேரே போருக்குத் தாவியபோது பாதி வரியில் மூச்சு அறுந்தது.

"இது உ... உங்க பதிப்பு" என்றாள்.

மறுபடி பாடினாள், நீக்கப்பட்ட வரிகளோடு. அந்த வரிகளில் குரல் இறங்கி, நிதானித்து, மூச்சை நிறைத்துக்கொண்டு போருக்குள் பாய்ந்தது. கிரேக்கம் ஒரு சொல்கூடத் தெரியாத யெல்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பூலென்ஸ் மெல்ல எழுந்தார். சண்டைக்குத்தான் எழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இத்தன வருஷமா இத கண்ணாலதான் படிச்சிருக்கேன். ஒரு தடவகூட வாய்விட்டுப் பாடல. அந்த வரிங்க திரும்ப என் பதிப்புக்குள்ள வரும்மா." முதலில் கைதட்டியதும் அவர்தான்.

அவர் ஓய்வுபெற்றபோது அந்தப் பேராசிரியர் பதவி ஹில்கேவுக்கு வந்தது. பதவியேற்பு நாளில், பல்கலைக்கழக அரங்கின் வாசலில், யெல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொப்பி கோணலா இருக்கு, பேராசிரியரே."

"இ... இருக்கட்டும்க்கா. எ... என் தொப்பி."

கறுப்பு அங்கி தரையில் புரள, ஹில்கே உள்ளே நடந்தாள். அரங்கமே எழுந்து நின்றது.