கயிற்றை விடாதவர் வீடு

1

இந்தக் கதையைச் சாத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டேன் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். டீக்கடை மட்டும் நிஜம். யார் சொன்னது என்பதை இப்போதே உடைத்தால் எனக்குக் கை ஓடாது. கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கம் இப்படி வைத்தேன்:

"2006, மாசி மாதம். நாற்பது மீட்டர் நீளக் காற்றாலை இறக்கையை ஏற்றிய லாரி தாயில்பட்டி விலக்கில் திரும்ப முடியாமல் இரண்டு நாள் நின்றது. டீக்கடைக் கூரையைப் பிரித்து, வேப்பங்கிளையை வெட்டி, பின்சக்கரத்தைத் தனியாக ஒருவர் ஒடித்துத் திருப்ப, அங்குலம் அங்குலமாக..."

அடித்துவிட்டேன். லாரியைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் அது கதைக்குள் நுழைந்தால் ஊரையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

2

ஆகவே, இறக்கைகள் வந்து சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கதை ஜெயச்சந்திரனிடமிருந்து தொடங்குகிறது. வயது இருபத்தெட்டு, தூத்துக்குடிக்காரன், காற்றாலை பூட்டுகிற பிட்டர்.

மூன்று இறக்கைகளையும் தரையிலேயே நடுவில் ஓர் இரும்புக் குடத்தில் (ஹப்) பூட்டி, மொத்தமாகக் கிரேனில் கோபுர உச்சிக்குத் தூக்குவார்கள்; அங்கே நிற்கிற பிட்டர்கள் முறுக்குவார்கள். காற்று அதைத் திருப்பிவிடாமல் இரண்டு இறக்கை நுனிகளில் கயிறு கட்டிக் கீழே ஆட்கள் பிடிக்க வேண்டும். ஒரு கயிற்றுக்குக் கம்பெனி ஆட்கள். மற்றதற்குத் தாயில்பட்டியிலிருந்து ஆறு பேர். ஆறு பேரும் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர்கள். (பட்டாசு ஆலைக்கு இங்கே ஆபீஸ் என்றுதான் பெயர்.)

"என்ன நடந்தாலும் கயித்த விடக் கூடாது. மேல ஆளு இருக்கும்" என்றான் ஜெயச்சந்திரன்.

ஆறு பேரில் ஒருவரான பலவேசம் சிரித்தார். "எங்க ஆபீஸ்ல நேர் தலகீழால்லா சொல்லுவாக! சத்தம் கேட்டா கையில இருக்கதப் போட்டுட்டு ஓடுங்கன்னு. இருவது வருசப் பழக்கம் சார். ஒரே நாள்ல மாத்தச் சொல்லுதீக."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயச்சந்திரனும் சிரித்தான்.

3

அந்த ஆறு பேரில் இன்னொருவரான முத்துக்கருப்பன் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். எழுத எழுத ரொம்ப நல்லவராக வருகிறார். அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: வெற்றிலை எச்சிலைக் கிரேன் சக்கரத்தில் துப்பினார். கிரேனுக்குக் கைகாட்டுகிற வேலுச்சாமி ஏசியபோது, தான் துப்பவே இல்லை என்று சிவந்த வாயோடு சாதித்தார்.

அன்று காலையில் அவர் ஜெயச்சந்திரனிடம் சொன்னது:

"அந்தா, ஆபீஸ்ல வரிசையா வெள்ளை ரூமு தெரியுதா தம்பி? அதுல நாலாவது. எங்க வீட்டுக்காரி சோலையம்மா அங்கனதான் இருக்கா. மேல போனா தெரியும். ஒரு கை காட்டுங்க."

"அவுகளுக்கு என்னையத் தெரியுமா அண்ணாச்சி?"

"நீங்க காட்டுங்க. நான் சாயந்திரம் சொல்லிக்கிடுதேன்."

மேலே போனதும் ஜெயச்சந்திரன் கை காட்டினான். தீப்பெட்டி அளவில் வெள்ளை ரூம்கள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

4

இறக்கைகள் மேலே வந்து நின்றன. குடத்தின் போல்ட்டுகள் துளைகளில் பாதி நுழைந்திருந்தன. ஜெயச்சந்திரனின் வலது கை, முழங்கை வரைக்கும், இரண்டு இரும்புக்கும் நடுவில் இருந்தது. வெள்ளை ரூம்கள் பக்கம் முதலில் புகை தெரிந்தது. பிறகுதான் சத்தம்.

"ஐந்து பேரும் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள்."

இந்த வாக்கியத்தைப் பத்து நாள் அப்படியே விட்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. பயந்தவன் புகைக்கு எதிர்ப்பக்கம் அல்லவா ஓடுவான்? இவர்கள் புகையைப் பார்த்து ஓடினார்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே வேலையில் வீட்டு ஆள் ஒன்று இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் பலவேசம்.

ஆறாவது ஆள் ஓடவில்லை. கயிற்றின் வாலைப் பக்கத்தில் நின்ற டிராக்டரின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி, கரிசல் மண்ணில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்துவிட்டார்.

ஓடுகிறவர்களில் ஒருவர் கத்தினார்: "ஏலே முத்துக்கருப்பா! சோலையம்மா ஆபீஸ்தாம்லே! வாலே!"

"மேல ஆளு இருக்குலே."*

இருபது நிமிடம். பன்னிரண்டு நட்டு முறுக்கும்வரை. கண்ணை இறக்கைமேலேயே வைத்திருந்தார். புகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பிடித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

(*மேலே இருந்தவனுக்கு இது கேட்டிருக்காது. பிறகு வேலுச்சாமி போனில் சொன்னது. மேற்கொண்டு சொல்ல வந்தார். பேச்சை மாற்றிவிட்டேன்.)

5

முடிவுகள்.

அ) அவர் ஓடிப் போய்ப் பார்த்தால், புளியமரத்தடியில் சோலையம்மாள் தலையெல்லாம் வெடிமருந்துத் தூளோடு உட்கார்ந்திருக்கிறாள். "எல்லாரும் வந்தாச்சு. நீக இப்பத்தான் வாரீகளாக்கும்?"

ஆ) [எழுதவில்லை. எழுத மாட்டேன்.]

இ) சோலையம்மாள் பிழைத்துக்கொண்டாள். சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அவர் எதுவும் கேட்காமல் சாப்பிட்டு எழுகிறார்.

எது நடந்தது? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஜெயச்சந்திரன் ஏணிவழியே இறங்கி வரும்போது அவர் போயிருந்தார். கொக்கியில் கயிறு அப்படியே இருந்தது. பிடித்த இடத்தில் ரத்தம். மறுநாள் கயத்தாறில் அடுத்த வேலை என்றார்கள். போய்விட்டான். போகாமல் இருந்திருக்கலாம். மேலே இருந்து பார்த்தபோது புகை நாலாவது ரூமிலா ஐந்தாவதிலா என்று எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. மூன்று மாதம் பேப்பர் பக்கமே போகவில்லை.

6

ஜெயச்சந்திரன் என்று யாரும் இல்லை. அது நான்தான்.

இப்போது 2009. சாத்தூர் டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வலது கையில் பேனா, இடது கையில் டீ கிளாஸ். பத்து விரலும் இருக்கிறது. இதற்கு முன்னால் நான்கு தடவை இதே கடைவரை வந்து, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று அவர் வீட்டுக்குப் போகிறேன். வாசலில் நின்று "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அதை இப்போது அடித்துவிட்டேன். அந்த வீட்டு வாசலில் நான் கூப்பிட வேண்டிய பெயர் அதுவல்ல.

"சோலையம்மாக்கா!"

தாயில்பட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது. அந்த வீட்டுக்குள்ளேயிருந்து பதில் சொல்கிற குரல் யாருடையது என்று எழுத என்னால் ஆகாது. நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் மனசு வைத்து எழுதுங்கள்.