நீலச் சட்டைக்காரன்

ஏழு மாசமா ஒருத்தி என்னைச் சக்தின்னு கூப்பிட்டா. என் பேரு அய்யாத்துரை. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிருங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும்.

சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல கார் சீட்டு செய்யுத கம்பெனியில வேலை. அங்க பெர்மனென்ட் ஆளுகளுக்கு நீலச் சட்டை, நெஞ்சுப் பைக்கு மேல பேரு தைச்சிருக்கும். கான்ட்ராக்ட் ஆளுகளுக்குச் சாம்பல் சட்டை, பேரு கிடையாது. எப்ப வேணா விரட்டப்போற ஆளுக்கு நூல் எதுக்குன்னு நெனச்சிருப்பானுவ. சூப்பர்வைசர் கோதண்டத்துக்கு நாங்க எல்லாருமே 'கான்ட்ராக்ட்டு'தான்.

குன்றத்தூர் ரூம்ல அஞ்சு பேரு, மூணு ஷிப்டு. நான் வரும்போது ஒருத்தன் கிளம்புவான், ஒருத்தன் தூங்குவான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச ஆளில்ல. அதனாலதான் ஃபேஸ்புக்குல 'கரிசல் ராஜா'ன்னு கணக்குத் தொடங்கினேன். எங்க ஊருப் பக்கம் பொண்ணு பாக்கப் போறவன்கூடக் கம்பெனிச் சட்டையிலதான் போவான். சாம்பலைப் போட்டு எப்படி எடுக்க? ரூம்ல இருந்த சக்திகுமாரோட நீலச் சட்டையை வாங்கிப் போட்டு ஒரு போட்டோ. எடுத்ததும் அவன்தான்.

திருச்சியில ஜவுளிக்கடை பில்லிங்ல இருக்குத நிலா அதைப் பெரிசு பண்ணிப் பாத்திருக்கா. "சட்டையில பேரு பாத்தேன். சக்திகுமார். நல்ல பேரு"ன்னு எழுதினா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். மடையன், "தேங்க்ஸ்"னு போட்டேன்.

அப்புறம் தினமும் மத்தியானம் ஒன்றரைக்கு "சக்தி, சாப்பிட்டீங்களா?"ன்னு வரும். அவ அம்மா தவறின அன்னைக்கு, லைன்ல போன் வச்சிருக்கக் கூடாதுன்னு கக்கூஸுக்குள்ள நின்னுக்கிட்டு பிரேக் பூரா அவளுக்குப் பதில் போட்டேன்.

போன வாரம் எழுதினா: "மாமா வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க. பேசி முடிவு பண்ணலாம்."

"சட்டையைக் கொண்டு போலே. இப்பத்திக்குச் சமாளி"ன்னான் சக்திகுமார். பையில வாங்கி வச்சேன். ஆனா போட்டுக்கிட்டது என் கட்டம் போட்ட சட்டையைத்தான். காலையில முதல் வண்டி. பஸ்ஸுல முழுக்க "என் பேரு அய்யாத்துரை"ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

திருச்சி மத்திய பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுதான் தாமதம், "சக்தி!"ன்னு ஒரு சத்தம். அவ்வளவு கூட்டத்துல என்னை ஒருத்தி தேடிக் கண்டுபிடிச்சு, முகமெல்லாம் சிரிப்பா ஓடி வாரா. என் ஆயுசுல யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. அந்தப் பேரோடவே இருந்துரலாம்னு ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்துச்சு.

சொல்லிட்டேன். சட்டை, போட்டோ, கான்ட்ராக்ட்டு எல்லாத்தையும்.

அவ கேட்டா: "கான்ட்ராக்ட்டுன்னா எனக்கு என்ன வந்துச்சு? நான் மட்டும் கடைக்கு முதலாளியா?" குரல் உடைஞ்சு போச்சு. "எங்கம்மா செத்தப்ப சக்தி, சக்தின்னு அழுதேனே. அப்பக்கூட உங்க பேரைச் சொல்லத் தோணலையா?"

தோணுச்சு. சொன்னா போயிருவாளோன்னு பயம். அதையும் சொன்னேன்.

"பேரு என்ன சொன்னீங்க?"

"அய்யாத்துரை."

உதட்டை அசைச்சுப் பாத்தா. "வர மாட்டேங்குதுங்க"ன்னா. கையில இருந்த டிபன் டப்பாவை என்கிட்ட நீட்டினா. "உங்களுக்குன்னு செஞ்சது. சாப்பிடுங்க." டவுன் பஸ்ஸுல ஏறிட்டா, திரும்பிப் பாக்கல.

விழுப்புரம் தாண்டினப்புறம் டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சம் சோறு, உருளைக்கிழங்கு. பசியில தின்னுட்டேன், வெக்கமில்லாம. "சாப்பிட்டேன். அய்யாத்துரை"ன்னு மெசேஜ் போட்டேன். அவ பாத்துட்டதாக் காட்டுச்சு. பதில் வரல. தாம்பரம் வர வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தேன்.

திங்கக்கிழமை சாம்பல் சட்டையை மாட்டிக்கிட்டு லைன்ல நின்னேன். கோதண்டம் வந்தாரு.

"இன்னா கான்ட்ராக்ட்டு, நேத்து ஓவர்டைமுக்கு வரச் சொன்னா எங்க பூட்ட?"

"என் பேரு அய்யாத்துரை சார்."

என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு.

"இப்ப உம் பேர எவன்யா கேட்டான்?"ன்னுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு.